லூயிசே அரசியும் மூன்றாம் பிரீட்ரிக் வில்ஹெல்மும்: அந்த இல்லறம் உண்மையா, பின்னால் கட்டப்பட்டதா?

கல்லடி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு கற்பிக்கிறேன். நெப்போலியன் காலத்துப் போர்களை விளக்கும்போது, 1806 இல் யேனாவிலும் அவுவர்ஸ்டெட்டிலும் பிரஷ்யா அடைந்த தோல்வியையும் 1807 இன் தில்சித் உடன்படிக்கையையும் சொல்லாமல் ஜேர்மனியின் ஒருங்கிணைப்புக்குப் போக முடியாது. அந்த இடத்தில் பிரஷ்ய அரசி லூயிசேயைப் பற்றி ஆண்டுதோறும் இரண்டே வாக்கியங்கள் சொல்வேன்: தோற்ற நாட்டுக்காக நெப்போலியனிடம் நேரில் சென்று மன்றாடினார், 34 வயதில் இறந்தார். இம்முறை ஒரு மாணவி எழுந்து, அந்த நேரம் அவருடைய கணவர் எங்கே இருந்தார் ரீச்சர் என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன், ஆனால் அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

அதே வாரம், பேர்லினில் குடியிருக்கும் என் தங்கை சார்லொட்டன்பூர்க் மாளிகைப் பூங்காவிலுள்ள கல்லறை மண்டபத்தின் படங்களை அனுப்பியிருந்தாள். வெண்பளிங்கில் லூயிசே உறங்குவது போலப் படுத்திருக்கிறார். கைகள் மார்பின்மேல் மடிந்திருக்கின்றன. பக்கத்தில் மன்னர். அந்த மன்னர் பின்னர் வேறொரு பெண்ணை மணந்தார் என்றும் அந்தப் பெண்ணும் அதே மண்டபத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்றும் தங்கை எழுதியிருந்தாள். அது என் மனத்தைக் குழப்பிவிட்டது.

என் கேள்வி இதுதான். பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரீட்ரிக் வில்ஹெல்முக்கும் அவருடைய மனைவி லூயிசேக்கும் இடையே இருந்தது உண்மையிலேயே அன்பான இல்லறமா? அல்லது ஒரு தோல்விக்குப் பிறகு நாட்டுக்கு ஒரு தெய்வப்பெண் தேவைப்பட்டபோது அரசும் கவிஞர்களும் சேர்ந்து கட்டிய கதையா? லூயிசேயின் அழகையும் நாட்டுப்பற்றையும் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. அவர்களுடைய திருமணத்தைப் பற்றி, குறிப்பாக அந்த மனிதரைப் பற்றி, அறிந்தவர்கள் எழுதினால் பிள்ளைகளுக்குச் சரியானதைச் சொல்ல முடியும்.

களுவாஞ்சிகுடி வாசகர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ஐரோப்பிய அரச குடும்பங்களின் வரலாற்றை நாற்பது ஆண்டுகளாக வாசித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்தத் திருமணத்தின் அருமை விளங்க வேண்டுமானால், முதலில் அதற்கு முந்திய இரண்டு தலைமுறைகளின் திருமணங்களைப் பார்க்க வேண்டும்.

மகா பிரீட்ரிக் என்று சொல்லப்படும் இரண்டாம் பிரீட்ரிக்குக்கு 1733 இல் அவருடைய தந்தை வற்புறுத்தி மணம் செய்து வைத்தார். முடிசூடிய பிறகு அவர் தம் மனைவி எலிசபெத் கிறிஸ்தீனேயை வேறொரு மாளிகையில் இருக்கவிட்டார். தாம் ஆசையோடு கட்டிய சான்சூசி மாளிகைக்கு ஒருபோதும் அவரை அழைக்கவில்லை. அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்தவர் அவருடைய தம்பி மகன் இரண்டாம் பிரீட்ரிக் வில்ஹெல்ம். அவருடைய முதல் திருமணம் 1769 இல் முறிந்தது. அந்த மனைவி ஸ்டெட்டின் நகரில் நீண்ட ஆயுள் முழுவதையும் அரண்மனைக்கு வெளியே கழித்தார். இரண்டாவது மனைவி உயிரோடு இருக்கும்போதே வேறு இரு பெண்களை அவர் ஒருவர் பின் ஒருவராக இடக்கை மணம் என்ற முறையில், அதாவது மனைவிக்கு அரசி என்ற பட்டம் தராத முறையில், மணந்தார். இவற்றுக்கெல்லாம் மேலாக வில்ஹெல்மீனே என்கே என்ற பெண் பல ஆண்டுகள் அவருக்கு நெருக்கமானவராக இருந்தார். இப்படிப்பட்ட வீட்டில் தாயின் துயரத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதான் நம் மூன்றாம் பிரீட்ரிக் வில்ஹெல்ம். 1797 நவம்பரில் தந்தை இறந்ததும் அவர் முதலில் செய்தவற்றுள் ஒன்று, அந்த வில்ஹெல்மீனேயைக் கைதுசெய்து சொத்துகளைப் பறித்தது. அது நீதியான செயல் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் மனத்தில் என்ன காயம் இருந்தது என்பதை அது காட்டுகிறது.

லூயிசேயின் இளமையும் முழுமையானதல்ல. 1776 மார்ச் 10 ஆம் திகதி ஹனோவரில் பிறந்தார். ஆறு வயதில் தாயை இழந்தார். தந்தை சிறியதாயையே மணந்தார், அந்தச் சிறியதாயும் அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். பிறகு டார்ம்ஸ்டாட்டில் அம்மம்மாதான் அவரையும் சகோதரிகளையும் வளர்த்தார். பெரிய அரச குடும்பம் அல்ல, மெக்லன்பேர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் என்ற சிறிய நாட்டின் பிள்ளைகள். எனவே அரண்மனைக் கெடுபிடிகள் அவர்களை அதிகம் தொடவில்லை; லூயிசேயின் எழுத்தில் பிழைகள் இருக்கும், பேச்சில் சிரிப்பு இருக்கும்.

1793 மார்ச்சில் பிராங்க்போர்ட் நகரில் நடந்ததை நம் ஊர் வழக்கில் பெண் பார்த்தல் என்றே சொல்லலாம். தன் மூத்த மகன்கள் இருவருக்கும் பெண் தேடிக்கொண்டிருந்த மன்னரின் கண்ணில் லூயிசேயும் தங்கை பிரீடெரிக்கேயும் பட்டார்கள். ஏற்பாடு பெரியவர்களுடையதுதான், ஆனால் எந்தச் சகோதரி என்பதை மூத்த இளவரசரே தெரிவு செய்தார் என்பதில் ஐயமில்லை. ஏப்ரல் 24 இல் நிச்சயதார்த்தம். மணமகன் அப்போது மைன்ஸ் நகர முற்றுகையில் படையோடு இருந்தார். சகோதரிகள் பாசறைக்கு வந்தபோது கவிஞர் கோதே தம் கூடாரத்துக்குள் இருந்தபடி அவர்களைப் பார்த்து வியந்ததை எழுதியிருக்கிறார். திருமணம் டிசெம்பர் 24 ஆம் திகதி, நத்தார் முந்திய இரவில், பேர்லின் அரண்மனையில் நடந்தது. அவருக்கு 23 வயது, லூயிசேக்கு 17.

அதன் பின்னர்தான் அரண்மனை அதிர்ந்தது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் ஒருமையில் அழைத்துக்கொண்டார்கள். ஜேர்மன் மொழியிலும் நம் மொழியைப் போல ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாடு உண்டு. அரச குடும்பத்தில் மனைவியையும் ‘நீங்கள்’ என்று அழைப்பதே மரபு. இவர்கள் ‘நீ’ என்றார்கள். அந்தப்புரத்தின் முதுபெரும் பொறுப்பாளராக இருந்த வோஸ் சீமாட்டி இதைக் கண்டு மனம் நொந்தார், பிறகு அவரே இருவர்மீதும் மிகுந்த பற்றுக்கொண்டவரானார். கோடை காலத்தில் அவர்கள் ஹாவெல் ஆற்றோரம் பரேட்ஸ் என்ற சிற்றூரில் எளிய வீடொன்றில் தங்கி, அறுவடை விழாவில் ஊராருடன் கலந்துகொண்டார்கள். அங்கே மன்னர் தம்மைப் பரேட்ஸ் ஊர்த் தலைவர் என்று சொல்லிக்கொள்வார். நம் வழக்கில் அந்த ஊர் விதானை.

எல்லாம் இன்பமாக இருந்தது என்று நான் எழுதினால் அது பொய். இயல்பில் இருவரும் எதிர் எதிர். அவருக்குக் கூச்சம் அதிகம். பேச்சு அரைகுறை வாக்கியங்களாக, வினைச்சொற்களைத் திரிக்காமல் அப்படியே உதிர்ப்பதாக இருக்கும். லூயிசேக்கு நடனமும் கூட்டமும் வேண்டும். முதல் குழந்தை 1794 இல் இறந்தே பிறந்தது. அதன் பின் 1809 வரை ஒன்பது பிள்ளைகள். அவர்களில் இருவர் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். பதினைந்து ஆண்டுகளில் பத்துப் பேறுகள் என்பதை நாம் அன்பின் அளவாக மட்டும் பார்க்கக்கூடாது. அந்த உடலின் களைப்பாகவும் பார்க்க வேண்டும்.

ஆனால் அடிப்படையில் கேட்டால், என் பதில் தெளிவானது. அந்த அன்பு உண்மை. லூயிசே உயிரோடு இருந்தவரை வேறொரு பெண்ணின் பெயர் மன்னரோடு சேர்த்துப் பேசப்படவில்லை. அந்தக் குடும்பத்தில் அது எவ்வளவு புதியது என்பதை மேலே எழுதியவற்றோடு வைத்துப் பாருங்கள்.

அக்கரைப்பற்றான் எழுதியது:

களுவாஞ்சிகுடி ஐயா எழுதியவற்றை மரியாதையோடு வாசித்தேன். ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

மனைவியை அவ்வளவு நேசித்தவர், தில்சித்தில் அவரை ஏன் அனுப்பினார்? நெப்போலியன் தன் போர்ச் செய்தி அறிக்கைகளில் லூயிசேயை மிகக் கீழ்த்தரமாக எழுதியிருந்தான். ரஷ்யச் சக்கரவர்த்தி அலெக்சாந்தரோடு அவரை இணைத்துப் பேசி, அவருடைய மானத்தையே தெருவுக்கு இழுத்திருந்தான். அப்படிப்பட்டவன் முன்னால் போய் நின்று, கர்ப்பமாக இருக்கும் மனைவி நாட்டைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று கடிதம் எழுதி அழைத்த கணவனை நான் எப்படி விளங்கிக்கொள்வது?

எங்கள் பகுதியில், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். சீதன வீடு மகளின் பெயரில் இருக்கும். தாயும் சகோதரிகளும் அடுத்த வளவில் இருப்பார்கள். ஒரு பெண்ணுக்கு அவமானம் நேர்ந்தால் அவளைச் சுற்றி அவளுடைய ஆட்கள் நிற்பார்கள். லூயிசேயோ 17 வயதில் தன்னுடைய எல்லோரையும் விட்டுக் கணவன் வீட்டுக்கு வந்தவர். அவருக்குக் காவலாக இருந்திருக்க வேண்டியவர் அந்த ஒருவர்தான். ஆசிரியையின் மாணவி கேட்ட கேள்வியை நானும் கேட்கிறேன்.

தம்பிலுவில் எழுத்தாளர் எழுதியது:

அக்கரைப்பற்றுக் காக்கா கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1807 ஜூலை 6 ஆம் திகதியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அந்த நாளே விளங்காது. அதற்கு முந்திய ஒன்பது மாதங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1806 ஒக்டோபர் 14 இல் ஒரே நாளில் இரண்டு களங்களிலும் பிரஷ்யப் படை சிதறியது. அதன் பிறகு அரச குடும்பம் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டே இருந்தது. கோனிக்ஸ்பேர்க்கில் லூயிசேக்குக் கடும் நச்சுக்காய்ச்சல். பிரெஞ்சுப் படை நெருங்குகிறது என்ற செய்தி வந்ததும், 1807 ஜனவரி 5 இல், நடுங்கும் குளிரில் அவரை வண்டியில் ஏற்றி மேமல் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். பாதை எதுவென்றால், குறோனியத் திடல் என்று சொல்லப்படும் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் நீளமான மெல்லிய மணற்கரை. ஒரு பக்கம் பால்டிக் கடல், மறுபக்கம் களப்பு. கல்லடிப் பாலத்தைக் கடந்து, ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலும் இரைய, இடையிலுள்ள மணல் நிலத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த நிலத்தின் வடிவத்தை நான் விளக்கத் தேவையில்லை. அந்த மணலின்மேல் பனிப்புயல் வீசுவதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாட்கள். உடன் சென்ற மருத்துவர் ஹூபெலாந்து எழுதியிருக்கிறார்: முதல் இரவு தங்கிய அறையின் சாளரக் கண்ணாடி உடைந்திருந்தது, உறைபனி நோயாளியின் படுக்கையில் விழுந்தது. அந்த மனிதர்களின் கையில் அகப்படுவதைவிடக் கடவுளின் கையில் விழுவதே மேல் என்று லூயிசே சொன்னதாகவும் அவர் குறித்திருக்கிறார்.

இப்போது தில்சித். ஜூன் 25 இல் நேமன் ஆற்றின் நடுவே கட்டிய தெப்பத்தில் நெப்போலியனும் அலெக்சாந்தரும் சந்தித்தார்கள். அந்தப் பேச்சில் தன் நாடே பங்குபோடப்படுகிறது என்று தெரிந்தும், பிரஷ்ய மன்னர் அழைக்கப்படவில்லை. மழையில் ஆற்றங்கரையில் குதிரைமேல் காத்திருந்தார். ஆசிரியை அவர்களே, உங்கள் மாணவிக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுவாக இருக்கலாம்: அவர் கரையில் நின்றுகொண்டிருந்தார். அரசியை வரவழைக்கும் யோசனை தளபதி கல்க்ரொய்த் என்பவருடையது. மன்னர் இணங்கினார், அது அவருடைய பலவீனம் என்று நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லூயிசே இழுத்து வரப்பட்ட பெண்ணல்ல. போரை விரும்பியவர்களின் பக்கம் நின்றவர். 1805 இல் மகா பிரீட்ரிக்கின் கல்லறையருகே தம் கணவரும் அலெக்சாந்தரும் நள்ளிரவில் கைகொடுத்துக்கொண்டபோது அங்கே நின்றவர். அரசியலில் தமக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று அறிந்தவர். தோல்வியிலும் தமக்குப் பங்கு உண்டு என்று உணர்ந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவர் மக்டெபூர்க் கோட்டையைக் கேட்டார். கிடைக்கவில்லை. நெப்போலியன் தன் மனைவி ஜோசபீனுக்கு எழுதிய கடிதத்தில், அரசி உண்மையிலேயே கவர்ச்சியானவர் என்றும், ஆனால் தான் மெழுகு பூசிய துணி போன்றவன், எல்லாம் வழுக்கிப் போய்விடும் என்றும் பெருமையடித்தான். ஜூலை 9 இல் கையெழுத்தான உடன்படிக்கையில் பிரஷ்யா ஏறத்தாழப் பாதி நிலத்தையும் பாதி மக்களையும் இழந்தது.

என் மனத்தில் நெடுநாளாக இருப்பது இதுதான். நம் தம்பிலுவில் முதல் செட்டிபாளையம் வரை வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் கதவு திறந்து, வழக்குரை பாடி, குளிர்த்தி செய்கிறோம். அரசனிடம் வழக்குரைத்த பெண்ணின் சினம் ஆற வேண்டும் என்று ஊரே நிற்கிறது. கோவலனை அங்கே யாரும் தேடுவதில்லை. லூயிசேயின் கதையிலும் அதேதான் நடந்தது. 1813 இல் நெப்போலியனுக்கு எதிராக மீண்டும் போர் தொடங்கியபோது மன்னர் இரும்புச் சிலுவை என்ற விருதை ஏற்படுத்தி, அதற்கு மார்ச் 10, அதாவது மனைவியின் பிறந்தநாளைத் திகதியாக இட்டார். அடுத்த ஆண்டு பெண்களுக்கென லூயிசே பெயரில் ஒரு விருது. 1870 ஜூலை 19 இல் பிரான்ஸ் போர் அறிவித்த நாளில், மகன் வில்ஹெல்ம் தாயின் கல்லறைக்குப் போய் நின்றார். அந்த நாள் அவருடைய நினைவுநாளும் கூட. ஆறு மாதத்தில் அதே மகன் வெர்சாயில் ஜேர்மன் சக்கரவர்த்தியாக அறிவிக்கப்பட்டார். 1923 இல் முடியாட்சிக்காரப் பெண்கள் லூயிசேயின் பெயரில் ஒரு பெரும் சங்கமே அமைத்தார்கள். இவ்வளவிலும் கணவர் மெல்ல மெல்ல மறைந்துபோனார். கட்டப்பட்டது அவர்களுடைய அன்பு அல்ல, லூயிசேயின் தெய்வத்தன்மை. அதைக் கட்டுவதற்கு அந்த அன்பில் பாதியை வெட்டியெடுக்க வேண்டியிருந்தது.

கல்லடி ஆசிரியை எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எழுதிய கடைசி வரியை மூன்று முறை வாசித்தேன். கண்ணகியோடு ஒப்பிட்டதில் மட்டும் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. கண்ணகி தனியாக நின்றாள். அவளுக்குப் பின்னால் படையும் இல்லை, அமைச்சரும் இல்லை, கணவனும் உயிரோடு இல்லை. லூயிசேக்குப் பின்னால் தோற்றதாயினும் ஓர் அரசு இருந்தது. அவர் கேட்டது நீதி அல்ல, நிலம். ஆனால் கணவர் கதையிலிருந்து மறைக்கப்படுகிறார் என்று நீங்கள் காட்டிய இடம் சரியானது. நானே அத்தனை ஆண்டுகளாக அவரை மறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

அந்த இரண்டாவது திருமணத்தைப் பற்றி யாராவது எழுதுவீர்களா? அவ்வளவு நேசித்தவர் ஏன் மறுபடி மணந்தார் என்றுதான் பிள்ளைகள் அடுத்ததாகக் கேட்பார்கள்.

பேர்லினில் வாழும் வந்தாறுமூலையான் எழுதியது:

அக்கா, நான் அந்தக் கல்லறை மண்டபத்துக்கு அருகில் வசிக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிக்கொண்டு போவேன். உங்கள் கேள்விக்கு அந்த இடத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் மரணம். 1806 இல் ஓடிய குடும்பம் 1809 டிசெம்பர் 23 இல்தான் பேர்லினுக்குத் திரும்பியது. அடுத்த ஜூனில் லூயிசே தம் தந்தையைப் பார்க்க நொய்ஸ்ட்ரெலிட்ஸுக்குப் போனார். அரசியான பிறகு அவர் ஆசையோடு எதிர்பார்த்த பயணம் அது. அக்கரைப்பற்றுக் காக்கா சொன்ன அந்த வீட்டுப் பாசத்தை நினைத்தபடியே இதை எழுதுகிறேன். அங்கிருந்து தந்தையின் கோடை மாளிகையான ஹோகென்சீரிட்ஸுக்குச் சென்ற இடத்தில் நோய் கண்டது. மன்னர் இடையில் பேர்லினுக்குத் திரும்பிப்போக வேண்டியிருந்தது, அவரும் காய்ச்சலில் விழுந்தார். ஜூலை 19 அதிகாலையில் மூத்த மகன்கள் இருவரோடும் அவர் வந்து சேர்ந்தார். காலை ஒன்பது மணியளவில் லூயிசே உயிர் நீத்தார். உடலைத் திறந்து பார்த்த மருத்துவர்கள் ஒரு நுரையீரல் அழிந்திருந்ததையும் இதயத்தில் ஒரு வளர்ச்சி இருந்ததையும் கண்டார்கள். துக்கம்தான் அந்த இதயத்தைக் கொன்றது என்று நாடு நம்பியது. அந்தப் பத்துப் பேறுகளையும் மேமல் பயணத்தையும் எண்ணும்போது, நான் வேறு காரணங்களையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

மன்னருக்கு அப்போது 39 வயது. சார்லொட்டன்பூர்க் பூங்காவில் ஊசியிலை மரங்கள் நிற்கும் நடைபாதையின் முடிவில், லூயிசேக்குப் பிடித்த இடத்தில், கிரேக்கக் கோவில் போன்ற மண்டபத்தை அவரே முன்நின்று கட்டுவித்தார். டிசெம்பர் 23 இல், அவர்கள் பேர்லின் திரும்பிச் சரியாக ஓராண்டு நிறைந்த நாளில், உடல் அங்கே கொண்டுவரப்பட்டது. சிலையைச் செதுக்கிய கிறிஸ்தியான் டானியல் ரௌக் ஒரு காலத்தில் அரண்மனையில் லூயிசேக்குப் பணிவிடை செய்த ஊழியர். அவருடைய கைத்திறனைக் கண்டு, சிற்பம் கற்க அவருக்கு வழி பிறந்தது. எசமானியின் உறக்கத்தைப் பளிங்கில் வடிக்கும் வேலை அந்த ஊழியருக்கே வாய்த்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாடோவ் என்ற சிற்பி இளமையில் லூயிசேயையும் தங்கையையும் தோளணைத்து நிற்கும்படி செய்த மிக அழகான பளிங்குச் சிலை இருக்கிறது. மன்னருக்கு அது பிடிக்கவில்லை. நெடுங்காலம் யார் பார்வையிலும் படாத அறையில் கிடந்தது. உலகம் பார்க்க விரும்பிய லூயிசேயை அவர் மறைத்தார், தாம் பார்த்த லூயிசேயைக் கிடத்தினார். அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றும்.

பேச்சில் அரை வாக்கியம் மட்டுமே சொல்லும் அந்த மனிதர், மனைவி இறந்த பிறகு அவருடைய வாழ்வையும் இறுதி நாட்களையும் பற்றித் தம் கைப்பட நீண்ட குறிப்புகளை எழுதினார். ஊருக்காக எழுதியதல்ல, அவை 1926 இல்தான் நூலாக வெளிவந்தன. அதாவது முடியாட்சியே போன பிறகு. கட்டுக்கதை உண்டாக்க விரும்புகிறவர் தம் எழுத்தை நூறாண்டு பெட்டிக்குள் வைத்திருக்கமாட்டார்.

இனி இரண்டாவது திருமணம். பதினான்கு ஆண்டுகள் தனியாக இருந்த பிறகு, 1824 நவம்பர் 9 ஆம் திகதி, சார்லொட்டன்பூர்க் மாளிகைச் சிற்றாலயத்தில், வெளியே அறிவிக்காமல், ஆகுஸ்தே பொன் ஹர்ராக் என்ற 24 வயதுப் பெண்ணை மணந்தார். அவருக்கு வயது 54. அந்தப் பெண் கத்தோலிக்கர், மன்னர் குலத்தில் பிறந்தவரல்லர். எனவே இடக்கை மணம்: மனைவி என்ற உறவு உண்டு, அரசி என்ற பட்டம் இல்லை. லீக்னிட்ஸ் இளவரசி என்ற பெயர் மட்டும் கொடுக்கப்பட்டது. தந்தை இதே முறையைத் தம் ஆசைக்குக் கவசமாகப் பயன்படுத்தினார். மகனோ, லூயிசே இருந்த இடத்தில் இன்னொரு அரசியை வைக்காமல் ஒரு துணையைத் தேடிக்கொள்ள அதைப் பயன்படுத்தினார் என்று நான் எண்ணுகிறேன். ஆகுஸ்தேக்குப் பிள்ளைகள் இல்லை. 1840 ஜூன் 7 இல் மன்னர் இறக்கும்வரை அவரைக் கவனித்துக்கொண்டார். 1873 இல் தாமும் இறந்து அதே மண்டபத்தில் அடக்கமானார். அங்கே அவருக்கென்று பளிங்குச் சிலை எதுவும் கிடையாது. வருகிறவர்களில் பலர் அவர் அங்கே இருப்பதை அறியாமலே திரும்புகிறார்கள். அக்கா, பிள்ளைகளுக்கு அந்த மூன்றாவது பெயரையும் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்றான் எழுதியது:

வந்தாறுமூலைத் தம்பி எழுதியதை வாசித்த பிறகு என் கோபத்தில் ஒரு பகுதி தணிந்தது. தில்சித்தில் அவர் செய்ததை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் நேசிக்காதவர் செய்தது என்று இனிச் சொல்லமாட்டேன். நேசிப்பவரும் தோற்றுப்போன நாளில் தவறு செய்யலாம். லூயிசே அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு அவருடைய சொந்தச் சொல் ஏதேனும் உண்டா? பிறர் அவரைப் பற்றிச் சொன்னவற்றையே இதுவரை பேசிக்கொண்டிருக்கிறோம்.

களுவாஞ்சிகுடி வாசகர் எழுதியது:

உண்டு, தம்பி. அவர் எழுதியவற்றுள் கடைசியானது என்று அறியப்படுவதே அதுதான். 1810 ஜூன் 28 ஆம் திகதி, நொய்ஸ்ட்ரெலிட்ஸில், தந்தையின் எழுதுமேசையில் இருந்து ஒரு தாளில் பிரெஞ்சு மொழியில் சில சொற்கள் எழுதிவைத்தார். அன்புள்ள அப்பா, உங்கள் மகளாகவும் கணவர்களுள் மிகச் சிறந்தவரின் மனைவியாகவும் நான் இன்று மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்பது அதன் பொருள். அப்போது தில்சித் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த அவமானம் முழுவதையும் அவர் அனுபவித்திருந்தார். அடுத்த சில நாட்களில் படுக்கையில் விழுந்தார். இறந்த பிறகுதான் அந்தத் தாள் கண்டெடுக்கப்பட்டது. யாருக்கும் காட்டுவதற்காக எழுதியதல்ல, தந்தைக்கு மட்டும்.

கல்லடி ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. திங்கட்கிழமை முதலாம் பாடவேளையில் கரும்பலகையில் முதலில் அந்த மணற்கரையை வரையப்போகிறேன். கடல் ஒரு பக்கம், களப்பு மறுபக்கம். பிறகு நேமன் ஆறும் தெப்பமும், கரையில் மழையில் நிற்கும் மன்னரும். கடைசியில், தந்தையின் மேசையில் இருந்த அந்த ஒரு வரியை வாசித்துக்காட்டுவேன். ஆகுஸ்தேயின் பெயரையும் எழுதுவேன். வந்தாறுமூலைத் தம்பி, அடுத்த முறை அங்கே போகும்போது அவர் அடக்கமான இடம் எது என்று காவலரிடம் கேட்டு ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? என் மாணவி அதைக் கட்டாயம் கேட்பாள்.